மூன்றாம் ஷிப்டின் புண்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில் ஜேபிஎஸ் நிறுவனத்தின் பெரிய மாட்டிறைச்சி ஆலை ஒன்று இருக்கிறது. 2022இல் அந்த ஊரின் நடுநிலைப் பள்ளி ஒன்றில், 14 வயது மாணவி ஒருத்தியின் கைகளிலும் முழங்கால்களிலும் வெந்த புண்கள் இருப்பதைப் பள்ளியில் இருந்தவர்கள் கவனித்தார்கள். இரவில் இறைச்சி ஆலையைக் கழுவும் வேலைக்குப் போகிறாள், அங்கே புழங்கும் ரசாயனம் பட்டு வந்த புண் அது என்று விசாரித்தபோது தெரிந்தது. சேதி அரசுக்கு எட்டியது. அந்த ஆகஸ்ட் மாதம் கூட்டரசின் தொழிலாளர் துறை விசாரணையைத் தொடங்கியது. நவம்பரில் நீதிமன்றம் சென்றது. 2023 பிப்ரவரியில் துறை வெளியிட்ட கணக்கின்படி, 8 மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள 102 சிறார்கள் இரவுநேரத் துப்புரவு வேலையில் இருந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்தது ஆலைகள் அல்ல; பேக்கர்ஸ் சானிடேஷன் சர்வீசஸ் என்ற ஒப்பந்த நிறுவனம்.

பத்திரிகைகள் இதைக் குழந்தைத் தொழிலாளர் செய்தியாக எழுதின. அது சரிதான். ஆனால் அந்தச் செய்தியின் வெளிச்சத்தில் புண் மறைந்துபோனது. அதே ரசாயனத்தை அதே இரவில் கையாண்ட பெரியவர்களுக்கும் தோல் வெந்திருக்கும். அது எங்கும் செய்தியாகவில்லை. புண்ணைப் பற்றித்தான் நான் கேட்க விரும்புகிறேன். சுத்தம் செய்யும் பொருள் எப்படித் தோலை வேகவைக்கிறது? ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைக்குள் தெரியாத புண் பள்ளிக்கூடத்தில் எப்படித் தெரிந்தது?

முதலில் வேலையைப் பார்ப்போம். பெரிய இறைச்சி ஆலைகளில் இரண்டு ஷிப்டுகள் அறுப்புக்கும் துண்டு போடுவதற்கும் போய்விடும். நள்ளிரவை ஒட்டி எந்திரங்கள் நின்றதும் மூன்றாம் ஷிப்ட் உள்ளே வரும். தரையிலும் கன்வேயர் பட்டைகளிலும் கிடக்கும் இறைச்சித் துணுக்குகளை அள்ளுவார்கள். பிறகு குழாயில் சுடுநீரைப் பீய்ச்சி ரத்தத்தையும் கொழுப்பையும் இளக்குவார்கள். அதன்மேல் நுரை அடிப்பார்கள், தேய்ப்பார்கள், மறுபடி கழுவுவார்கள். கடைசியில் கிருமிநாசினி தெளிப்பு. விடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வேளாண் துறையின் இறைச்சி ஆய்வாளர் எந்திரங்களைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் காலை ஷிப்ட் தொடங்கும். ஓர் எந்திரத்தின் இடுக்கில் கொழுப்புத் துணுக்கு இருந்தாலும் ஆரம்பம் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடமும் ஆலைக்கு நஷ்டம். வழக்கு ஆவணங்களில் வரும் 14 வயதுச் சிறார் ஒருவர் வாரத்தில் ஐந்தாறு நாள் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை இறைச்சி வெட்டும் எந்திரங்களைக் கழுவியிருக்கிறார். வகுப்பில் தூங்கிவிழுந்ததும் வராமல் போனதும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கின்றன.

நுரைதான் இங்கே முக்கியம். வழக்கமாக இதில் இருப்பவை காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ், அதனுடன் குளோரின் வெளுப்பான். நீர்த்துப் பயன்படுத்தும் நிலையிலும் இதன் பிஎச் அளவு 12, 13 என்று போகும். நம் தோலின் மேற்பரப்பு சுமார் 5. பிஎச் அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், இந்த இடைவெளி கோடி மடங்கைத் தொடுகிறது. வெறும் திரவமாக அடித்தால் நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டிலிருந்து வழிந்து ஓடிவிடும். நுரையாக அடித்தால் ஒட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் வேலை செய்யும். ஆலைக்கு அது வசதி. ஆனால் அதே நுரை கம்பூட்டின் விளிம்பிலும் கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்திலும் முழங்கால் துணியிலும் அதே போல ஒட்டிக்கொள்ளும். முழங்காலில் புண் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கன்வேயர் பட்டையின் அடிப்பக்கத்தைக் கழுவ மண்டியிட்டே ஆக வேண்டும், மண்டியிடும் இடம் மேலிருந்து கழுவிவிட்ட நுரை வடிந்து தேங்கும் தரை. இது என் ஊகம்தான். ஆனால் அந்த ஆலைகளின் வேலைமுறையை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சில செய்திகள் இந்தக் காயத்தை ஆசிட் புண் என்று எழுதின. வழக்கு ஆவணங்களோ காரப் பொருளால் வந்த புண் என்கின்றன. பொதுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, உடலில் அப்படி இல்லை. அமிலம் பட்டால் தோலின் புரதம் உறைந்து கெட்டியான பொருக்காகிறது. அந்தப் பொருக்கே அமிலம் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. காரம் அப்படி உறையவைப்பதில்லை, கரைக்கிறது. தோலிலும் அதன் அடியிலும் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது, புரதத்தை இளக்குகிறது, இளகிய வழியே இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. மாட்டுக் கொழுப்பை எந்திரத்திலிருந்து எந்த வினையால் நீக்குகிறதோ அதே வினையால்தான் கழுவுகிறவரின் தோலையும் தின்கிறது. எது மாடு எது மனிதர் என்று காஸ்டிக் சோடாவுக்குத் தெரியாது. விரலில் பட்டதும் வழவழப்பாக இருக்கிறதே, அது ரசாயனத்தின் வழவழப்பு மட்டுமல்ல. தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருப்பதும் அதில் சேர்ந்தது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகும். சுண்ணாம்பு நீரின் பிஎச் சுமார் 12.4, வெள்ளையடிக்கிறவர்களின் விரல் இடுக்குகள் புண்ணாவதும் அதனால்தான். ஆனால் வெற்றிலைக்காரர் உடனே துப்பிவிடுவார். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரவு ஷிப்டில் இருப்பவரின் நிலை வேறு.

காரத்துக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு: உடனே வலிக்காது. நெருப்புச் சுட்டால் கை தானாகப் பின்வாங்கும். நீர்த்த காரம் பட்டால் முதலில் ஈரம் பட்டதுபோல்தான் இருக்கும். உடம்பெல்லாம் நனைந்திருக்கும் வேலையில் எது தண்ணீர், எது நுரை என்று பிரித்து உணர வழியில்லை. எரிச்சல் தொடங்கும்போது சேதம் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும். கையுறைக்குள் நுரை புகுந்துவிட்டால் நிலைமை மோசம். தோலைக் காக்க வேண்டிய ரப்பரே ரசாயனத்தைத் தோலோடு அழுத்திப் பிடித்துவைக்கும். தொழில் பாதுகாப்பு பற்றிய உரைகளில் கையுறை, கண்ணாடி, ஏப்ரன் என்று ஒரு பட்டியல் ஒப்பிக்கிறார்களே, அதில் இந்தச் செய்தி அநேகமாக வராது. அளவு பொருந்தாத கையுறை, வெறுங்கையைவிட ஆபத்தாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. அது பெரியவர்களின் அளவில் தைத்த கையுறை, அதை மாட்டியிருப்பது 13 வயதுக் கை என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வலி தாமதமாக வரும் ரசாயனங்களில் உச்சம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். லாரி, கார் கழுவும் சில திரவங்களிலும் துருநீக்கிகளிலும் இது இருக்கிறது. அமிலம்தான் என்றாலும் மற்ற அமிலங்களைப் போல் மேலே உறைந்து நின்றுவிடாது. 20 சதவீதத்துக்குக் குறைவான கரைசல் பட்டால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு ஆழத்துக்கு இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். உள்ளங்கை இரண்டு மூன்றின் பரப்பளவில் அடர்ந்த அமிலம் பட்டே உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை வாகனம் கழுவும் தொழிலில் இந்த அமிலத்தால் பாதிக்கப்பட்ட 48 பேரை அந்த மாநிலத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 7 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 2 பேருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. இதற்கென்றே கால்சியம் குளூக்கோனேட் களிம்பு இருக்கிறது. அதைக் கையருகே வைத்திருக்க வேண்டுமானால், கழுவும் திரவத்தில் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். புட்டிமேல் ஒட்டிய தாளில் இருப்பதை வேலை செய்கிறவர் தமக்குத் தெரிந்த மொழியில் அறிந்திருக்க வேண்டும் என்பதும் இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

ஏறக்குறைய எல்லா ரசாயனப் புண்களுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: நிறைய தண்ணீர், நிறைய நேரம். ரசாயனம் பட்ட துணியையும் கையுறையையும் கம்பூட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம். காரமென்றால் அதைவிடவும் கூடுதலாக. முதல் பத்து நிமிடத்துக்குள் கழுவத் தொடங்கியவர்களுக்கும் தாமதித்தவர்களுக்கும் புண்ணின் ஆழத்தில் பெரிய வேறுபாடு இருப்பதை 1980களிலேயே மருத்துவர்கள் காட்டிவிட்டார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியும் இதையே சொல்கிறது: அரிக்கும் பொருள் கண்ணிலோ உடலிலோ படக்கூடிய வேலையிடத்தில் உடனே நனைத்துக் கழுவும் வசதி இருந்தாக வேண்டும். அங்கே நடைமுறையில் உள்ள தரநிலைப்படி, பத்து வினாடி நடையில் அதை எட்ட முடிய வேண்டும். தண்ணீர் மிதமான சூட்டில் 15 நிமிடம் இடைவிடாமல் வர வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இரவு முழுவதும் தண்ணீர் பாயும் இடம் இறைச்சி ஆலை. குழாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் கையில் பிடித்திருக்கும் குழாயில் வருவது கொழுப்பை இளக்கும் சூடும் அழுத்தமும் கொண்ட நீர். அதைப் புண்ணில் பீய்ச்ச முடியாது. பாதுகாப்புக் குழாய் எங்கோ சுவரோரம் இருக்கும். அதைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். இருபது நிமிடம் ஒருவர் ஒதுங்கி நின்றால் அவர் பொறுப்பில் உள்ள எந்திரம் அப்படியே நிற்கும். பக்கத்தில் இருப்பவர் அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் என்ன செய்வார்கள்? கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். ரசாயனப் புண்ணைக் கவனக்குறைவின் விளைவு என்று எழுதும் விபத்து அறிக்கைகளை நான் நம்புவதில்லை. காரம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நேரம் பட்டது என்ற இரண்டும்தான் புண்ணின் ஆழத்தை முடிவு செய்கின்றன. அடர்த்தியைத் தீர்மானிப்பது ரசாயனம் வாங்குகிறவர். நேரத்தைத் தீர்மானிப்பது ஷிப்டின் அட்டவணை. இரண்டிலும் தொழிலாளியின் கை இல்லை.

இந்த அட்டவணை இவ்வளவு இறுக்கமானதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றியது. உப்பிலிடும் அறைகளில் வேலை செய்தவர்களின் விரல்களை அமிலம் அரித்ததை அவர் அதில் எழுதியிருக்கிறார். அவர் விரும்பியது தொழிலாளர்மீது மக்களின் இரக்கம். மக்கள் அதிர்ந்தது தங்கள் தட்டில் என்ன வந்து விழுகிறது என்பதைப் பார்த்து. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் கையெழுத்தாயின. தொழிலாளரின் விரல்களுக்காக எந்தச் சட்டமும் வரவில்லை. வேலையிடப் பாதுகாப்புக்கென்று கூட்டரசின் பொதுவான சட்டம் வர 1970 ஆயிற்று. 1993இல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற உணவகத் தொடரின் ஹாம்பர்கர் வழியே ஈ.கோலை கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1996இல் வந்த விதிகள் ஆலைத் துப்புரவை எழுதிவைத்த நடைமுறையாக, தினமும் சரிபார்க்கும் கடமையாக மாற்றின. நல்ல விதிகள்தான், அவை உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் விளைவைப் பாருங்கள். அறுப்பு நடக்கும் ஆலையில் இறைச்சியைப் பார்க்க அரசு ஆய்வாளர் தினமும் இருக்கிறார். கழுவுகிறவரின் தோலைப் பார்க்க வேண்டிய துறையின் ஆய்வாளர் பெரும்பாலும் புகார் வந்தால், அல்லது யாராவது செத்தால் வருகிறார். எந்திரத்தில் கொழுப்பு ஒட்டியிருந்தால் அன்றே தெரியும். தோல் வெந்திருந்தால் அதைப் பார்க்கப் பள்ளி ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

ஒப்பந்த முறை இந்த மறைவை முழுமையாக்குகிறது. ஆலை ஒன்று, துப்புரவு நிறுவனம் வேறு, ரசாயனம் தயாரிப்பவர் இன்னொருவர். பேக்கர்ஸ் சானிடேஷனில் சுமார் 17,000 பேர் வேலை செய்தார்கள். பிளாக்ஸ்டோன் என்ற மாபெரும் முதலீட்டு நிறுவனம் 2018 முதல் அதன் உரிமையாளர். ஆலையின் தொழிலாளர்கள் போன பிறகு துப்புரவுத் தொழிலாளர்கள் வருகிறார்கள், அவர்கள் வருவதற்குள் போய்விடுகிறார்கள். காயம் பட்டால் அது ஆலையின் கணக்கில் சேராது. சிறார்கள் பிடிபட்டபோது ஆலை முதலாளிகள் ஒப்பந்தக்காரரைக் காட்டினார்கள். ஒப்பந்தக்காரர், அரசின் மின்னணுச் சரிபார்ப்பு முறையில் எல்லாருடைய ஆவணங்களையும் பார்த்தோம், போலி அடையாளத்தில் வந்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். 13 வயது முகத்தைப் பார்த்து வயது தெரியவில்லை என்பதை எந்தக் கணினியின் தலையிலும் சுமத்த முடியாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இறைச்சி எந்திரங்களை இயக்குவதை மட்டுமல்ல, கழுவுவதையும் தடை செய்யும் விதி 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுங்காலமாக இருக்கிறது.

தண்டனை? ஒரு சிறாருக்கு 15,138 டாலர். அப்போது சட்டம் அனுமதித்த உச்சவரம்பு அதுதான். மொத்தம் சுமார் 15 லட்சம் டாலர். அந்தத் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போனது, வெந்த கைகளுக்குப் போகவில்லை. 2025 ஜனவரியில் ஜேபிஎஸ் 40 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்த ஊர்களுக்கும் உதவ என்று சொல்லி. அதற்கு முன்பே, 2024இல், துப்புரவு நிறுவனம் ஃபோர்ட்ரெக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

நம் பக்கம் இவ்வளவு பெரிய இறைச்சி ஆலைகள் இல்லை. ஆனால் இந்த ரசாயனங்கள் இருக்கின்றன, இந்த ஒப்பந்தமும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, ஐடி அலுவலகம், வணிக வளாகம் எல்லாவற்றிலும் ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று ஒரு ஏஜென்சி உண்டு. கழிப்பறைத் தரையை வெளுக்கவைக்கும் ஆசிட், அடைப்பை எடுக்கும் காஸ்டிக், ப்ளீச்சிங் பவுடர் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும். ஆசிட் பெரும்பாலும் பழைய தண்ணீர்ப் பாட்டிலில்தான் வரும். பெயரும் இராது, எவ்வளவு அடர்த்தி என்பதும் இராது. ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 2019 நவம்பரில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் ஓர் உணவகத்தில் தரை கழுவியபோது இப்படித்தான் இரண்டு சுத்திகரிப்புத் திரவங்கள் கலந்தன. கிளம்பிய வாயுவைச் சுவாசித்த மேலாளர் இறந்தார். நம் நாட்டில் ஆசிட் விற்பனையைக் கட்டுப்படுத்தி 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: வாங்குகிறவரின் அடையாளச் சான்று, முகவரி, என்ன தேவைக்கு என்பது, விற்பனைப் பதிவேடு. பெண்கள்மீது ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது, அவசியமானது. ஆனால் வாளியில் ஆசிட்டை ஊற்றி வெறுங்கையால் துடைப்பத்தை நனைக்கும் பெண்ணை அது பார்க்கவில்லை. ஆயுதமாக ஆசிட்டைப் பார்த்த நாம், வேலைக் கருவியாக அதை இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை.

மாற்று இல்லாமலும் இல்லை. அடர்கரைசலைக் கையால் ஊற்றாமல், குழாயில் இணைத்து அளவாகக் கலக்கும் கருவிகள் உள்ளன. உப்புக் கறைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாகச் சிட்ரிக் அமிலம் பல இடங்களில் போதும். சற்றுக் கூடுதலாக ஊற வேண்டும், அவ்வளவே. வாகனம் கழுவ ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இல்லாத திரவங்கள் விற்கின்றன. வாஷிங்டன் ஆய்வாளர்களும் மாற்றுப் பொருளைத்தான் முதலில் வலியுறுத்தினார்கள். காஸ்டிக் கரைசல் தயாரிக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிப் பொங்கி முகத்தில் தெறிக்கும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்.

உங்கள் குடியிருப்புச் சங்கமோ அலுவலகமோ துப்புரவு ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போது விலையைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பெயரும் அளவும் எழுதாத பாட்டில் எதுவும் உள்ளே வரக்கூடாது. ரசாயனம் வைக்கும் அறைக்குப் பக்கத்திலேயே ஓடும் தண்ணீர்க் குழாய் வேண்டும். மேலே பட்டுவிட்டால் இருபது நிமிடம் வேலையை நிறுத்திக் கழுவிக்கொள்ளலாம், அதற்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று எழுதித்தர வேண்டும். பட்ட இடத்தில் பேஸ்ட்டோ மஞ்சளோ எலுமிச்சைச் சாறோ தடவாமல் தண்ணீரை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவத் தொடங்கிவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் கழுவிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.